தாய்மாமன் சீரும் விரியல் கெழுவும்

கணக்கை எப்போதும் தப்பாகவே போடுகிறவனால் ஊருக்கு ஆபத்து இல்லை. அவனை யாரும் நம்பிக் கூப்பிடுவதில்லை. நாலு தடவை சரியாகப் போட்டு, அதற்கு நாலு பேர் கைதட்டி, அந்தக் கைதட்டலை நம்பி ஐந்தாவது தடவைக்குக் கிளம்புகிறான் பாருங்கள், அவனைத்தான் வாசலிலேயே மறிக்க வேண்டும். என்னை யாரும் மறிக்கவில்லை. அதனால் சமயநல்லூரில் ஒரு மண்டபத்தில் எண்ணூறு பேர் மதியம் இரண்டரை மணி வரை பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் கெமிக்கல் இன்ஜினீயரிங் வாத்தியார். திருச்சி ரோட்டில், கொட்டாம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற ஒரு கல்லூரியில் வேலை. நான் சொல்லப்போகிற சம்பவம் நடந்தபோது வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம், பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட ஆரம்பித்து எட்டு மாதம். (பைக்கிலும் எழுதி வைத்திருந்தேன். ஒருதடவை செக்கானூரணிப் பக்கம் வண்டியை நிறுத்தி ஒருவர் தன் முழங்கால் வீக்கத்தைக் காட்டினார். அதற்கும் நான் அழிக்கவில்லை.)

டாக்டர் பட்டம் வாங்கித் தந்த விஷயம் ஃபியுகாசிட்டி. பயப்பட வேண்டாம், ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் வாயுக் கணக்கு போட்டிருப்பீர்கள்: அழுத்தம், கனஅளவு, வெப்பநிலை. அந்தக் கணக்கில் வாயுவின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்காமல் திரிகின்றன என்று வைத்துக்கொள்வார்கள். அதற்கு நல்லியல்பு வாயு என்று பெயர். அப்படி ஒரு வாயு உலகத்தில் கிடையாது. நிஜ வாயுக்கள் சொந்தக்காரர்களைப் போல. கொஞ்சம் தள்ளி இருந்தால் பாசத்தில் இழுத்துக்கொள்ளும். ஒரே வீட்டில் போட்டு அடைத்தால் முட்டித் தள்ளும். இதனால் மீட்டர் பத்து என்று காட்டுகிற இடத்தில் வாயு ஒன்பதரை மாதிரி நடந்துகொள்ளும். அந்த ஒன்பதரைதான் ஃபியுகாசிட்டி. இரண்டு மூன்று வாயு கலந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு விரியல் கெழுக்கள் என்று சில எண்கள் இருக்கின்றன. மீத்தேன் தன் ஆட்களிடம் வைத்திருக்கிற பாசம் ஒரு கெழு, கார்பன் டை ஆக்ஸைடு தன் ஆட்களிடம் வைத்திருப்பது இன்னொரு கெழு, இரண்டு வீட்டாருக்கும் நடுவில் இருப்பது மூன்றாவது கெழு. (மூன்றாவதை வகுப்பில் சம்பந்திக் கெழு என்பேன். முதல் பெஞ்சு மட்டும் சிரிக்கும், இன்டர்னல் மார்க் என் கையில் இருந்ததால்.)

எங்கள் விடுதியில் மிஞ்சுகிற சாப்பாட்டையும் (சமையல் அப்படி, நிறையவே மிஞ்சும்) பக்கத்துத் தொழுவங்களின் சாணத்தையும் போட்டு எரிவாயு எடுக்கிற ஒரு பிளான்ட் கல்லூரியில் இருந்தது. வருகிற வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன், அது எரியும். மிச்சம் பெரும்பாலும் கார்பன் டை ஆக்ஸைடு, அது எரியாது. வாயுவைப் பத்து பார் அழுத்தத்தில் தண்ணீர்த் தூறலுக்குள் விட்டால் கார்பன் டை ஆக்ஸைடு தண்ணீரில் கரைந்துவிடும், சோடா மாதிரி. எவ்வளவு கரையும் என்பது அதன் ஃபியுகாசிட்டியைப் பொறுத்தது. நான் மூன்று கெழுவையும் போட்டு ஒரு எண் சொன்னேன். கருவி அதே எண்ணைக் காட்டியது. எங்கள் துறைத்தலைவர் என் தோளில் தட்டினார். பள்ளிக்கூடக் கணக்குக்கும் என் கணக்குக்கும் வித்தியாசம் நூற்றுக்கு நான்கு. அந்த நாலுக்காக நான் நாலு வருஷம் உட்கார்ந்து படித்திருந்தேன், அதனால் அது எனக்குப் பெரிசு.

கழுவிய வாயுவை இருநூற்று ஐம்பது பாருக்கு அமுக்கி, ஆள் உயரச் சிலிண்டர்களில் அடைத்து விடுதிச் சமையலுக்குக் கொடுப்போம். அப்படி எங்களிடம் எட்டு சிலிண்டர்கள் இருந்தன. எட்டு. இந்த எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இந்த நேரத்தில்தான் என் அக்கா மகள் யாழினிக்குக் காதுகுத்து வந்தது. அக்காவைச் சமயநல்லூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான் தங்கமான மனிதர், தோட்டமும் பால் மாடும் உண்டு. எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் பிள்ளையைவிடத் தாய்மாமன்தான் முக்கியம். அவன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டை, அவன் மடியில்தான் காதுகுத்து, அவன் கொண்டுவருகிற சீரைத்தான் ஊர் எண்ணும். எனக்குப் பிறந்ததிலிருந்து காத்திருந்த பதவி அது ஒன்றுதான்.

சிக்கல் என்னவென்றால், அக்காவின் மாமியார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். சத்தம் போட்டுப் பேச மாட்டார், எண்ணுவார். அவருடைய பெரிய மகள் வீட்டுக் காதுகுத்துக்கு மச்சான் தாய்மாமனாக இரண்டு டிராக்டரில் சீர் கொண்டுபோயிருந்தார், கொட்டு மேளத்தோடு. பாத்திரம், பண்டம், பீரோ, ஊஞ்சல் வரை. அதை அத்தை வாரம் ஒருதடவையாவது ஞாபகப்படுத்துவார். காதுகுத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்காவிடம், "ஒன் தம்பி எத்தன தட்டு?" என்று கேட்டிருக்கிறார். இருபத்தியொரு தட்டு என்று அக்கா சொன்னதும், "சரி" என்று மட்டும் சொன்னாராம். அந்தச் "சரி"யை அக்கா எனக்கு ஃபோனில் சொன்னபோது அவள் குரல் நன்றாக இல்லை.

"நீ பெருசா எதுவும் செய்ய வேணாம்டா. இவங்க முன்னாடி நான் தலைநிமுந்து நின்னாப் போதும்" என்றாள்.

நான் பெரிசாகச் செய்யத் தீர்மானித்தேன். எண்ணூறு பேர் விருந்துக்கும் வேண்டிய கேஸ் என் சீர் என்று அறிவித்தேன். என் கையால் கழுவி, என் கையால் அடைத்த கேஸ். தட்டில் வைக்க முடியாது, எண்ணவும் முடியாது. அத்தை அதைக் கேட்டுவிட்டு, "சாணிக் கேஸா?" என்றார். சுத்திகரிக்கப்பட்ட மீத்தேன் என்று விளக்கினேன். "சாணிதான?" என்றார் மறுபடி. விஞ்ஞானம் இப்படித்தான் எதிர்ப்பைச் சந்தித்து வளர்ந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சமையலுக்குப் பாண்டி மாஸ்டர். ஐம்பது வயசு இருக்கும், பேச்சு கம்மி, மூக்குப்பொடி ஜாஸ்தி. கறிக்குழம்பு, சுக்கா, குடல், வெள்ளைச்சோறு, ரசம் என்று எண்ணூறு இலைக்கு எவ்வளவு கேஸ் ஆகும் என்று கேட்டேன்.

"எட்டு சிலிண்டர் ஓடும் சார்."

எப்படிக் கணக்கு போட்டீர்கள் என்றேன்.

"போடல சார். ஓடும்."

அவர் சொன்னது கடையில் வாங்குகிற சிலிண்டர். அன்று சாயங்காலம் அதை என் சிலிண்டருக்கு மாற்றினேன். அந்த எட்டில் உள்ள சூடு என் சிலிண்டரில் எத்தனை என்று பள்ளிக்கூட வாய்ப்பாட்டில் போட்டால், அதுவும் எட்டே வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நல்லியல்பு வாயு பாசம் அறியாதது. நிஜ வாயு ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். இழுத்துக்கொண்டால் அதே சிலிண்டரில் இன்னும் அதிகமாக அடையும். அந்த அதிகத்தைக் கண்டுபிடிக்க வேண்டியதுதானே? பத்து பாரில் எனக்குக் கைதட்டல் வாங்கித் தந்த அதே சமன்பாட்டை எடுத்தேன், அழுத்தம் என்கிற இடத்தில் இருநூற்று ஐம்பது என்று எழுதினேன். ஒவ்வொரு வாயுவின் ஃபியுகாசிட்டியும் அழகாக வந்தது. தேவையான சிலிண்டர் நாலரைக்குக் கொஞ்சம் குறைவு என்று வந்தது. தாராள மனசோடு ஐந்து என்று வைத்துக்கொண்டேன்.

துறைத்தலைவர், "எட்டையும் எடுத்துட்டுப் போங்களேன், லீவுல சும்மாதானே கெடக்கு" என்றார். ஐந்து போதும் சார் என்றேன். சிலிண்டர் ஏற்ற மினி லாரியோடு வந்த மச்சான், வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "மாப்ள, எம்புட்டு எடம் கெடக்கு. ரெண்டத் தூக்கிப் போட்டுக்கிட்டா என்ன?" என்றார். இதில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கூடுதலாக ஒரு சிலிண்டர் ஏற்றினாலும் என் ஆராய்ச்சிக்கு அவமானம். எட்டையும் ஏற்றினால், நாலு வருஷம் படித்தவனும் மூக்குப்பொடி போட்டுக்கொண்டு "ஓடும்" என்றவரும் ஒரே விடையைச் சொன்னதாக ஆகிவிடும். நான் வண்டியின் பின்கதவைச் சாத்தினேன்.

இன்னொரு காரியமும் செய்தேன். கடை கேஸுக்கான அடுப்பில் மீத்தேன் சரியாக எரியாது, கேஸ் வருகிற துளையைப் பெரிசாக்க வேண்டும். மாஸ்டரின் அடுப்புகள் அத்தனையையும் ஆரப்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துத் துளையைப் பெரிசாக்கிவிட்டேன். மாஸ்டர் பட்டறை வாசலில் நின்று, தன் மாட்டுக்கு யாரோ லாடம் அடிப்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல பழைய கேஸு எரியுமா சார்?" என்று கேட்டார். எரியாது, ஆனால் அதற்கு அவசியமே வராது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அடுப்பு பற்றவைத்தோம். நீலமாக, சத்தமில்லாமல், அவ்வளவு அழகாக எரிந்தது. சொந்தக்காரர்கள் வந்து வந்து பார்த்தார்கள். ஒரு பெரியப்பா குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "வாடையே இல்லையேப்பா" என்று கொஞ்சம் ஏமாற்றமாகச் சொன்னார். அத்தை வந்தார், ஒரு நிமிஷம் நின்றார். "தீ நல்லாத்தான் எரியுது" என்றார். அவர் வாயிலிருந்து வந்ததிலேயே அது பெரிய பாராட்டு என்று அக்கா என் காதில் சொன்னாள். அவள் முகத்தில் அன்றைக்கு ஒரு வெளிச்சம் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஃபியுகாசிட்டியை விளக்கினேன். யாரும் தடுக்கவில்லை, விருந்துக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.

என் கணக்குப்படி முதல் சிலிண்டர் ஏழேகால் மணி தாண்டி ஓட வேண்டும். ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே தீர்ந்தது. மாஸ்டர் தீயை அதிகமாக வைக்கிறார் என்று முடிவு செய்தேன், போய்ச் சொல்லவும் செய்தேன். அவர் குறைக்கிற மாதிரி கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். ஒன்பதுக்கு முன்னாலேயே மூன்றாவது முடிந்தது. பைப்பில் கசிவு இருக்கும் என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். கசிவு இல்லை. மாஸ்டரைச் சந்தேகப்பட்டேன், பைப்பைச் சந்தேகப்பட்டேன், லேத் பட்டறைக்காரரைச் சந்தேகப்பட்டேன். சமன்பாட்டைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை. அப்போது யாரிடமாவது சொல்லியிருந்தால்கூட வண்டியை அனுப்பி மிச்ச மூன்றையும் எடுத்துவந்திருக்கலாம். நான்காவதைத் திறந்துவிட்டு, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டேன்.

மேடையில் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கழுத்தில் மாலை, மடியில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக யாழினி. எதிரில் ஆசாரி, தங்க ஊசியோடு. சுற்றிலும் இரண்டு குடும்பமும் நின்றது. இருபத்தியொரு தட்டும் வரிசையாக இருந்தன, ஒருபக்கம் அத்தை. யாழினி என் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆசாரி வலது காதைக் குத்தினார். அவள் அழுவதற்குள் வாயில் வாழைப்பழத்தைத் திணித்தோம். எல்லாம் நன்றாகவே நடந்தது. ஆசாரி இடது காதில் மையால் புள்ளி வைத்து, ஊசியைக் கொண்டுவந்தார்.

அப்போது மேடைக்குக் கீழே பாண்டி மாஸ்டர் வந்து நின்றார். பனியன், தோளில் துண்டு. அவர் அவசரப்படவில்லை. அந்த மனிதர் என்றைக்குமே அவசரப்பட்டதில்லை.

"சார். அஞ்சாவதும் தீந்துருச்சு."

நான் எழுந்தேன். மடியில் பிள்ளை இருக்கிறது என்பது எழுந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஊசி புள்ளியை விட்டு ஒரு நெல் அகலம் மேலே போய்க் குத்தியது. யாழினி வீறிட்டாள். ஆசாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். அத்தை எண்ணுவதை நிறுத்தினார். நான் பிள்ளையை அக்கா கையில் கொடுத்துவிட்டு, மாலையோடு சமையல்கட்டுக்கு ஓடினேன். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

கறி பாதி வெந்திருந்தது. பாதி வெந்த கறி வேகாத கறியைவிட மோசம். சோறு ஒரு உலைதான் வடித்திருந்தது, இன்னும் மூன்று பாக்கி. துறைத்தலைவருக்கு ஃபோன் போட்டேன். சிலிண்டர் அறைச் சாவி விடுதிக் காப்பாளரிடம், காப்பாளர் பழனியில், அவர் ஃபோன் அணைந்திருந்தது, மலையேறிக்கொண்டிருக்கலாம். மண்டபத்தில் கடை சிலிண்டர் இரண்டு இருந்தது. அவசியமே வராது என்று நான் சொன்ன அடுப்பில் அதை மாட்டினோம். மஞ்சளாக, கரும்புகையோடு, தீ என் இடுப்பு உயரத்துக்கு எழும்பியது. அணைப்பதற்குள் பட்டு வேட்டி, மாலை, முகம் எல்லாம் கரி. மாஸ்டர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எரியாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. நான் சொன்னதில் ஒன்றாவது சரியாக இருந்ததே என்று அவர் மதித்த மாதிரிதான் இருந்தது.

ஃபியுகாசிட்டி என்பதற்கு, வாயு இருக்கிற இடத்தைவிட்டுத் தப்பித்துப் போகிற நாட்டம் என்று என் பேராசிரியர் விளக்கம் சொல்வார். எனக்கு அந்த நேரத்தில் அது எவ்வளவு இருந்தது என்றால், மண்டபத்தின் பின்கேட்டைப் போய்த் திறந்து பார்த்தேன். திறந்தது. ஆனால் என் பைக் முன்வாசலில், டாக்டர் என்ற எழுத்தோடு, அத்தனை சொந்தக்காரர்களுக்கும் நடுவில் நின்றது.

அதனால் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் கணக்குப் போட்ட தாள் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. நான் பயன்படுத்தியது, கெழு மூன்று இருந்தாலும், வெறும் இரண்டு உறுப்பு உள்ள விரியல் சமன்பாடு. அதற்கு இழுக்கிற பாசம் மட்டும்தான் தெரியும். நெருக்கி அடைத்தால் முட்டித் தள்ளும் என்பது தெரியாது. பத்து, பதினைந்து பார் வரைதான் அதை நம்பலாம். இருநூற்று ஐம்பது பாரில் மூலக்கூறுகள் மூச்சு முட்டி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும்போது, என் கணக்கு அவை இன்னும் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்து, இல்லாத கேஸையெல்லாம் சிலிண்டருக்குள் அடைத்திருக்கிறது. உண்மையில் ஏழு சிலிண்டர் ஆகியிருக்கும். பள்ளிக்கூட வாய்ப்பாட்டில் போட்டு எட்டு கொண்டுவந்திருந்தால் ஒன்று மிஞ்சியிருக்கும்.

இதுகூடப் பரவாயில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் நான் ஒரு வினாத்தாள் எடுத்திருந்தேன். அதில் மூன்றாவது கேள்வி: "இரண்டு உறுப்பு விரியல் சமன்பாட்டை உயர் அழுத்தத்தில் பயன்படுத்தலாமா? காரணம் கூறுக." இரண்டு மார்க். பயன்படுத்தலாம் என்று எழுதிய ஒரு பையனுக்கு முட்டை போட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் "யோசிக்கவும்" என்று எழுதியிருந்தேன்.

நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் மற்றவர்கள் வேலையைப் பார்த்தார்கள். மண்டபத்துக்குப் பின்னால் வறண்ட கண்மாய், அதில் சீமைக்கருவேல விறகு வெட்டி அடுக்கிக் கிடந்தது. மச்சான் விறகு வெட்டக் குத்தகை எடுத்திருந்தவரிடம் ஃபோனில் பேசினார். வெள்ளை வேட்டி சட்டையில் வந்த மாமன் மச்சான் எல்லாம் சட்டையைக் கழற்றிவிட்டு விறகு சுமந்தார்கள். மண்டபத்தார் காம்பவுண்டு கட்ட வைத்திருந்த கல்லை வைத்து மாஸ்டர் வெட்டவெளியில் ஆறு அடுப்பு போட்டார். அந்த மனிதர் முகத்தில் அன்று முதல்முறையாக ஒரு சந்தோஷத்தைப் பார்த்தேன். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல் ஒரு அடுப்பின் முன் உட்கார்ந்து தீயைத் தள்ளிவிட ஆரம்பித்தார். நானும் போய் விறகைத் தொட்டேன். "நீ எதையும் தொடாத மாப்ள" என்றார் மச்சான், ரொம்பப் பாசமாக.

இரண்டரை மணிக்குப் பந்தி போட்டோம். பசியில் இருந்தார்களோ, விறகுத் தீயின் மகிமையோ, அப்படி ஒரு சாப்பாடு சமயநல்லூரில் நடந்ததில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். மூன்று பேர் மாஸ்டரைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்கள். என்னையும் ஒருவர் பிடித்துக்கொண்டார், சமையல் ஆள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். நான் கொண்டுபோய் ஊற்றினேன்.

கடைசிப் பந்தி நடக்கும்போது அக்கா வந்தாள். தூங்கிப்போன யாழினியைத் தோளில் போட்டிருந்தாள். ஈரத்துண்டால் என் முகத்தைத் துடைத்தாள், கொஞ்சம் அழுத்தியே.

"சோறு லேட்டானா ஆகட்டும்டா. ஊசி காதுகிட்ட இருக்கையில பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு எந்திரிச்சயே, அதத்தான் என்னால தாங்க முடியல."

கேஸ், சீர், மாமியார் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவள் அந்த ஒன்றைத்தான் பிடித்திருந்தாள், அது நியாயம். எண்ணூறு பேர் முன்னால் வராத அழுகை அப்போது வந்தது. புகை என்று சொன்னேன். அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் எண்ணிக்கை சம்பந்தமாக எந்தப் பேச்சு வந்தாலும் ஒரு கேள்வி கூடவே வரும். இட்லிக்கு எத்தனை படி அரிசி போட, வேனில் எத்தனை சீட் சொல்ல, பொங்கலுக்கு எத்தனை கட்டு கரும்பு வாங்க என்று யாராவது கேட்டால், "மாஸ்டர் கணக்குலயா, மாமா கணக்குலயா?" என்பார்கள். மாஸ்டர் கணக்கு என்றால் உள்ளபடி. மாமா கணக்கு என்றால் பாதியை வாங்கிவிட்டுப் பெருமையாக இருப்பது. என் கல்யாணத்துக்குச் சமையல் பேசப்போனபோது பாண்டி மாஸ்டர் ஒரே நிபந்தனைதான் போட்டார்: அடுப்பு அவர் வீட்டை விட்டு முந்தின நாளே கிளம்பாது, எந்தப் பட்டறைக்கும் போகாது.

யாழினி இப்போது பிளஸ் ஒன். போன மாதம் வேதியியல் புத்தகத்தோடு என்னிடம் வந்தாள். வாயுக்கள் பாடம். ஒரு தாளில் ஏதோ எழுதி வைத்திருந்தாள், பார்த்தால் அவளுடைய காதுகுத்துக் கணக்கு. சிலிண்டரின் அளவு, இருநூற்று ஐம்பது பார், மதுரை வெயில் எல்லாம் அவள் அப்பாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். நல்லியல்பு வாயுச் சமன்பாடு, மூன்றே வரி.

"எனக்கு எட்டு வருது மாமா. எங்க தப்பு விட்ருக்கேன்?"

தப்பு இல்லை என்றேன். அவள் சந்தேகத்தோடு பார்த்தாள். நான் சரி என்று சொன்னால் இந்த வீட்டில் எல்லாரும் ஒருதடவை சரிபார்த்துக்கொள்வது வழக்கம்.

அந்த வாரமே அவளுக்குப் புது ஜிமிக்கி வாங்கியிருந்தார்கள். வலது காதில் நேராகத் தொங்கியது. இடது காதில் ஒரு நெல் அகலம் மேலே. பழைய ஆசாரியையே வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இதைத் தூர்த்துவிட்டுச் சரியான இடத்தில் புதுசாகக் குத்திவிடலாம், ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்றார். சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு ஒரு நிம்மதி. இத்தனை வருஷமாக அந்தக் காதை நான் நேருக்கு நேர் பார்த்ததில்லை. குத்திவிடுங்கள், இப்போதே குத்திவிடுங்கள் என்று நான்தான் முந்தினேன்.

யாழினி கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"வேணாம், இருக்கட்டும். இது எங்க மாமா செஞ்ச சீரு."

அக்கா உள்ளே போய்விட்டாள். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். வயசாகிவிட்டது, ஆனால் எண்ணுவது இன்னும் நிற்கவில்லை. பேத்தியின் காதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எம் மவன் அவன் அக்கா மகளுக்கு ரெண்டு டிராக்டர்ல கொண்டுபோனான். பீரோ துருப்புடிச்சுப் போச்சு, ஊஞ்சல் ஒடஞ்சு போச்சு. இந்தா, இது ஒண்ணுதான் அப்புடியே இருக்கு."

அது பாராட்டா, வசவா என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுப்படிக்குப் போய் அக்காவிடம் கேட்டேன். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புகை என்றாள். அது கேஸ் அடுப்பு, நீலமாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.